மன்சியிலிருந்து புறப்பட்ட கியர் பெட்டி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மன்சி என்று ஓர் ஊர். எந்தக் கடலுக்குப் போவதானாலும் அங்கிருந்து பல நூறு மைல் தாண்ட வேண்டும். 1901-ல் அங்கே தொடங்கிய வார்னர் கியர் தொழிற்சாலை மோட்டார் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்து பெயர் வாங்கியது. 1928-ல் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து போர்க்-வார்னர் ஆனது. 1951-ல் ஃபோர்டு கார்களில் வந்த 'ஃபோர்டோமேட்டிக்' தானியங்கி கியரிலும், 1957-ல் கார்வெட் காருக்குக் கொடுத்த டி-10 கியரிலும் இவர்களின் கைவேலை உண்டு. கடல் பார்க்காத இந்த ஊரிலிருந்துதான் 1950-களில் 'வெல்வெட் டிரைவ்' என்ற படகுக் கியர் பெட்டி புறப்பட்டது.

கிறிஸ்-கிராஃப்ட் உல்லாசப் படகுகளிலும், தண்ணீர்ச் சறுக்கு விளையாட்டுக்கான ஸ்கி நாட்டிக் படகுகளிலும் அது ஏறியது. பல ஆண்டுகளாக அமெரிக்க விசைப்படகு மெக்கானிக்கின் கையில் அடிக்கடி வந்து விழும் பெட்டியாக அது இருந்துவருகிறது. அதன் வழியை நான் எழுத முனைவதற்கு ஒரே காரணம்தான். பழுது என்று சொல்லி இறக்கப்படும் கியர் பெட்டிகளில் பல, தாமாகக் கெட்டவை அல்ல. பக்கத்தில் இருக்கும் கேபிளோ கூலரோ அவற்றைக் கெடுத்திருக்கும். சில பெட்டிகள் கெடவே இல்லை, வீணாக இறக்கப்படுகின்றன.

வெல்வெட் டிரைவுக்கு முந்தைய படகுகளில் கியர் மாற்றுவது உடல் வேலை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டாண்டன் ஊரில் செய்த பேரகன் பெட்டிகளும் அவற்றின் வகையைச் சேர்ந்தவையும் படகுகளில் இருந்தன. நீளமான இரும்புக் கம்பியை முன்னே தள்ளினால் படகு முன்னே போகும். பின்னே இழுத்துப் பிடித்தால் ஒரு பட்டை உருளையை இறுக்கிப் படகைப் பின்னே எடுக்கும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது ஓட்டுபவரின் தோளுக்குத்தான் தெரியும். வெல்வெட் டிரைவ் அந்தத் தோள் வேலையை எண்ணெயிடம் ஒப்படைத்தது. விரல்களால் தள்ளும் சின்ன நெம்புகோல் ஒரு வால்வை மட்டும் திருப்பும். மீதியை எண்ணெயின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் இருப்பவை கார்த் தொழிற்சாலைக்குப் பழகியவைதான். எஞ்சின் பக்கம் ஒரு எண்ணெய்ப் பம்ப். அதற்கு அடுத்து முன் கியருக்கான கிளட்ச் தட்டுகள், கோள் பல்சக்கரத் தொகுதி, பின் கியருக்கான தட்டுகள், வால்வு. முன்னே போகும்போது தட்டுகள் ஒன்றோடொன்று இறுகி, எஞ்சினின் சுழற்சி அப்படியே ஷாஃப்ட்டுக்குப் போகும். ரிவர்ஸில் வெளி வளையப் பல்சக்கரத்தைப் பின் கிளட்ச் பிடித்து நிறுத்தும். உள்ளே கோள் பற்கள் உருண்டு ஷாஃப்ட்டை எதிர்த் திசையில் சுழற்றும். தானியங்கி கியர் காருக்கு ஊற்றும் அதே சிவப்பு ஏடிஎஃப் எண்ணெய்தான் இதற்கும்.

ஆனால் காரில் இருக்கும் ஓய்வு படகில் இல்லை. கார் இறக்கத்தில் தானாக ஓடும். சமதளத்தில் சுமை குறையும். படகு ஒவ்வொரு அடிக்கும் தண்ணீரைத் தள்ளித்தான் ஆக வேண்டும். காற்று பட்டு ஆறவும் வழியில்லை. தரைப் பலகைக்கு அடியில், சூடான எஞ்சினின் முதுகோடு ஒட்டிக்கொண்டு, உப்பு ஈரத்தில் கிடக்கிறது பெட்டி. அதனால்தான் எண்ணெயை வெளியே எடுத்து, கடல் நீர் ஓடும் கூலர் வழியாகச் செலுத்தித் திரும்பக் கொண்டுவருகிறார்கள். இந்தக் கூலரை மறந்துவிடாதீர்கள். பின்னால் நிறைய பேச வேண்டியிருக்கிறது.

இரட்டை எஞ்சின் படகுக்குப் போகும் பெட்டிக்கு ஒரு சடங்கு உண்டு. இரண்டு புரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுழன்றால் படகு ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால், ஓர் எஞ்சினை எதிர்த் திசையில் சுழலும்படி செய்திருப்பார்கள். பெட்டியின் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. ஆகவே அதன் உடலைத் திருப்பிப் பொருத்தி, மேலே உள்ள அம்புக்குறி அந்த எஞ்சினின் சுழற்சியைக் காட்டும்படி வைக்க வேண்டும். நான்கு போல்ட், ஒரு கேஸ்கட், அவ்வளவுதான் வேலை. தவறாகப் பொருத்தினால் பம்ப் எண்ணெயைத் தள்ளாது. புதுப் பெட்டி என்றாலும் படகு அசையாது. எஞ்சினை முன்னால் நின்று பார்க்கிறோமா, ஃப்ளைவீல் பக்கம் நின்று பார்க்கிறோமா என்ற குழப்பத்தில்தான் இந்தத் தவறு நடக்கும். சாதாரணக் கார் எஞ்சின் ஃப்ளைவீல் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எஞ்சினைத் திருப்ப முடியாதவர்கள் எதிர்க் கை புரொப்பெல்லரைப் போட்டுக்கொண்டு, ரிவர்ஸ் கியரிலேயே முன்னே ஓட்டிப் பார்ப்பார்கள். அது கூடவே கூடாது. ரிவர்ஸில் கோள் பற்கள் முழுச் சுமையில் உருள்கின்றன. துறையில் படகைத் திருப்பும் நேரத்துக்காகச் செய்த வேலை அது. மணிக்கணக்கில் பயணம் போக அல்ல.

இப்படிப் பொருத்தப்பட்ட பெட்டி, நல்ல கையில் இருந்தால் பல பத்தாண்டுகள் ஓடும். ஓட்டுபவர் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் அவர் நெம்புகோலைத் தள்ளுவார். எஞ்சின் கத்தும், படகு நகராது, அல்லது மெல்ல நகரும். "கியர் போயிடுச்சு" என்று துறையில் எல்லோரும் சொல்வார்கள். பெட்டியைக் கழற்றும் பேச்சு அங்கேயே ஆரம்பிக்கும்.

நல்ல மெக்கானிக் அப்போது ஸ்பானரை எடுக்க மாட்டார். முதலில் டிப் ஸ்டிக். எஞ்சினை ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கி, நிறுத்திய கையோடு அளவு பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற படகில் கூலரிலும் குழாயிலும் இருந்த எண்ணெய் பெட்டிக்குள் இறங்கியிருக்கும், அளவு நிறைவாகத் தெரிந்து ஏமாற்றும். அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நுரைத்த எண்ணெயால் தட்டுகளை இறுக்க முடியாது. குறைந்த எண்ணெயை ஊற்றியதும் படகு சரியாகிவிட்டது என்று நிம்மதியடைவது பாதி வேலைதான். அந்த எண்ணெய் எங்கே போனது என்பது மீதி.

பிறகு நிறம். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. பழுப்பேறிக் கருகிய வாடை அடித்தால் தட்டுகள் வழுக்கி வெந்திருக்கின்றன. டிப் ஸ்டிக்கில் ரோஸ்மில்க் வடிந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அது பெரும்பாலும் கூலர் வழியாகத்தான் வந்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள். கூலர் ஓட்டையான படகில் ஒரு விசித்திரம் நடக்கும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூடுதல் என்பதால், எண்ணெய் கடல் நீரில் கலந்து புகைக்குழாய் வழியே வெளியேறும். எங்கும் சொட்டாது, ஆனால் அளவு குறையும். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை மாறி நீர் உள்ளே இறங்கும். ஆகவே எண்ணெய் காணாமல் போகும் படகின் பின்னால், தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிச்சிகன் போன்ற குளிர் மாநிலங்களில் கூலருக்குள் வடிக்காமல் விட்ட நீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து குழாயைப் பிளப்பதும் உண்டு. உப்பு நீரில் அரிப்பு அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யும்.

எண்ணெய் சரியென்றால் அடுத்துக் கேபிள். என் கணிப்பில், கெடாத பெட்டிகளைக் கெட்டவையாக்கும் முதல் குற்றவாளி இதுதான். பெட்டியின் நெம்புகோலுக்கு அடியில் ஸ்பிரிங் தள்ளும் ஒரு சின்ன எஃகுக் குண்டு இருக்கிறது. முன், நியூட்ரல், பின் என்ற மூன்று இடங்களிலும் அந்தக் குண்டு குழியில் விழ வேண்டும். கேபிள் நீண்டோ, வளைந்தோ, ஓட்டும் பக்கத்தில் தளர்ந்தோ இருந்தால் நெம்புகோல் குழிக்கு முன்பே நின்றுவிடும். வால்வு பாதி திறந்திருக்கும். எண்ணெய் பாதி அழுத்தத்தோடு போகும். தட்டுகள் பாதி இறுகும். பாதி இறுகிய தட்டுகள் வழுக்கும், சூடேறும், கருகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிளட்ச் தேய்ந்த பெட்டியாகத் தெரியும், கொஞ்ச நாளில் உண்மையாகவே தேய்ந்தும் விடும். இந்தக் குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டாலோ, நெம்புகோலை மாற்றியமைத்தாலோ, கேபிளுக்கு இரு பக்கமும் போதிய ஓட்டம் இல்லாவிட்டாலோ உத்தரவாதம் செல்லாது என்று தயாரிப்பாளரே எழுதிவைத்தார். அந்த எச்சரிக்கை வீணில்லை.

சோதிப்பது எளிது. கேபிளைப் பெட்டியின் நெம்புகோலிலிருந்து கழற்றிவிட்டு, கையால் தள்ளிக் குண்டு 'டக்' என்று குழியில் விழும்வரை கொண்டுபோங்கள். கட்டிய படகு அப்போது கயிற்றை இழுத்தால் பெட்டி நலம். கேபிளைச் சரி செய்தால் போதும். இந்த வேலைக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் பெட்டியைக் கழற்றச் சொல்லும் பட்டறையில் வேறு கருத்துக் கேட்பது நல்லது.

எண்ணெயும் கேபிளும் சரியாக இருந்தும் படகு நகரவில்லையா, அப்போது பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். பெட்டியின் கப்ளிங்கும் ஷாஃப்ட்டும் ஒரு சாவி இரும்பாலும் திருகாணிகளாலும் பிணைந்திருக்கும். சாவி வெட்டுப்பட்டால் பெட்டி சுழலும், ஷாஃப்ட் சுழலாது. கப்ளிங்கிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரே கோடாகச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, படகைக் கட்டிவைத்து ஒரு நிமிடம் கியர் போட்டுவிட்டு, எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் கியர் பெட்டிக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பே இல்லை. புரொப்பெல்லரில் மீன்பிடிக் கயிறோ பாசியோ சுற்றியிருப்பதும் இந்த வரிசையில் சேரும்.

பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருப்பது டேம்பர் பிளேட். ஃப்ளைவீலில் போல்ட் போட்ட வட்டத் தட்டு. நடுவில் பல்வரிசை, சுற்றிலும் ஸ்பிரிங்குகள். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பின் அதிர்ச்சியையும் பல்சக்கரங்களுக்குப் போகாமல் தாங்குவது இதுதான். ஸ்பிரிங் உடைந்தால் ஐட்லிங்கில் கடகடவென்று சத்தம் வரும், வேகம் ஏற ஏறச் சத்தம் அடங்கும். இந்த அடையாளம் பெரும்பாலும் பொய் சொல்லாது. முழுதாகக் கிழிந்துவிட்டாலோ எஞ்சின் மட்டும் சுற்றும். பெட்டியின் உள்ளே எதுவுமே சுழலாது.

இந்த நேரத்தில்தான் பிரஷர் கேஜுக்கு வேலை. பெட்டியின் உடலில் அதற்கென்று சின்னத் துளை ஒன்றை அடைப்போடு விட்டிருப்பார்கள். சரியாக ஓடும் பெட்டி கியரில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் காட்டும். எந்த மாடலுக்கு எவ்வளவு என்பதை அதற்குரிய மேனுவலில் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கியரிலும் முள் அசையவே இல்லையென்றால் பம்ப்பைச் சபிக்கும் முன் டேம்பரை நினையுங்கள்: பம்ப் சுழன்றால்தானே அழுத்தம் வரும். இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவென்றால் வடிகட்டி அடைத்திருக்கலாம், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு தூசியில் சிக்கியிருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம். முன் கியரில் மட்டும் குறைந்து ரிவர்ஸில் நன்றாக இருந்தால் பம்ப் குற்றமற்றது. முன் கிளட்ச்சின் சீலோ சீலிங் ரிங்கோ கசிகிறது. குளிர்ந்த எஞ்சினில் இழுத்து, சூடேறியதும் வழுக்கினால் அதுவும் கசிவின் குணம்: சூட்டில் எண்ணெய் இளகித் தேய்ந்த இடைவெளி வழியே ஓடிவிடுகிறது. நியூட்ரலிலும் படகு முன்னே நகர்ந்தால் கேபிளை மீண்டும் பாருங்கள். அது சரியென்றால் தட்டுகள் கோணலாகி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் விசைப்படகுகளிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கியர் பெட்டி இருந்தால் இதே வரிசை செல்லும். பெயர்ப் பலகை மாறும், எண்கள் மாறும். எண்ணெய், கேபிள், ஷாஃப்ட், டேம்பர், அழுத்தம் என்ற வழி மாறாது.

இவ்வளவும் பார்த்த பின் பெட்டியைக் கழற்ற வேண்டிய நாளும் வரலாம். கப்ளிங் போல்ட்டுகளை எடுத்து, ஷாஃப்ட்டைச் சுக்கான் தடுக்கும்வரை பின்னே தள்ளி, கேபிள், எண்ணெய்க் குழாய், கூலர் எல்லாம் பிரித்துப் பெட்டியைத் தூக்குவார்கள். ஒருவர் கை மட்டும் போதாத கனம். பட்டறை மேசையில் திறந்ததும் முதலில் தெரிவது தட்டுகள். கருகிய எஃகுத் தட்டு நீலம் பாரித்திருக்கும். உராய்வுத் தட்டின் முகம் மினுங்கிச் சொரசொரப்பு போயிருக்கும். பெட்டியின் அடியில் வெண்கல நிறத்தில் ஒரு பொடி வண்டலாகப் படிந்திருக்கும். அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்ப்பது பழுது பார்ப்பவரின் பழக்கம். மெல்லிய தூள் என்றால் கிளட்ச் தேய்ந்தது. கூரான எஃகுத் துணுக்கு என்றால் பல்லோ பேரிங்கோ சிதைந்தது, செலவு வேறு மாதிரி.

தட்டுகளையும் சீல்களையும் ரிங்குகளையும் புதிதாகப் போடுவது பெரிய வித்தை அல்ல. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1990-களில் வெல்வெட் டிரைவ் தொழில் ரீகல் பெலாய்ட் நிறுவனத்தின் கைக்குப் போனது. போர்க்-வார்னரின் மன்சி ஆலை 2009-ல் மூடப்பட்டது. ஆனாலும் அங்கிருந்து புறப்பட்ட இரும்புக் கூடுகள் இன்னும் தண்ணீரில் ஓடுகின்றன, அவற்றுக்கான பாகங்களை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பழைய பொருள் உயிரோடு இருக்கப் பாகம் கிடைப்பதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

திரும்பப் பொருத்தும்போது பம்ப்பின் அம்புக்குறியை இன்னொரு முறை பார்க்க வேண்டும், டேம்பரையும் கழற்றிய சந்தர்ப்பத்திலேயே மாற்றிவிட வேண்டும். பிறகு நேர்க்கோடு. கப்ளிங்கின் இரு முகமும் சேரும் இடத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு தடிமன் உள்ள ஃபீலர் கேஜ் எந்தப் பக்கத்திலும் நுழையக் கூடாது. நுழைந்தால் எஞ்சினின் தாங்கிகளை ஏற்றி இறக்கிச் சரி செய்ய வேண்டும். இதைப் படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மேடேற்றிய படகின் அடிப்பாகம் கட்டைகளின் மேல் வேறு விதமாக வளையும். கரையில் அளந்த நேர்க்கோடு தண்ணீரில் கோணலாகி, பின்பக்க சீலையும் பேரிங்கையும் தின்னும்.

இனி கூலர். பட்டறையில் புதுப்பித்த பெட்டிகள் சில மாதங்களில் மறுபடி கருகி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய கிளட்ச் கருகியபோது உதிர்ந்த வெண்கலப் பொடி எண்ணெயோடு போய், கூலரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ரப்பர் குழாய்களிலும் ஒட்டிக்கிடக்கும். புதுத் தட்டுகள் பூட்டிய பெட்டிக்கு முதல் எண்ணெயே அந்தப் பொடியோடு வந்து சேரும். வால்வில் சிக்கும், ரிங்குகளைக் கீறும், அழுத்தம் விழும். கழுவிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பொடி முழுதும் வெளியே வந்ததா என்று உள்ளே பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மறுபடி பெட்டியைத் திறக்கும் செலவோடு ஒப்பிட்டால் புதுக் கூலரின் விலை சிறிது.

ஆகவே, புதுப்பித்த கியர் பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்ளும் நாளில் மெக்கானிக்கிடம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: கூலரையும் எண்ணெய்க் குழாய்களையும் புதிதாக மாற்றிய பில்.